சமைத்தவர் எப்போது சாப்பிட்டார்?



பிப்ரவரி 14 சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளம், அதில் ரோஸ் நிற இடியாப்பம், வெற்றிலை மேல் குட்டி இட்லி, கேசரி, பழத்துண்டுகள். நடுவில் "காதலர் தின வாழ்த்துகள்" என்று பேத்தி எழுதி வைத்த சீட்டு. படத்தைப் பார்த்து "டீச்சர், நீங்களுமா?" என்றான் ஒரு மாணவன். "ரிட்டயர் ஆன பிறகு அக்காவுக்கு லவ்வர்ஸ் டே" என்று ஒன்றுவிட்ட தம்பி கிண்டல் செய்தான். "மறுநாள் மகா சிவராத்திரி. இதெல்லாம் நம் பண்பாடா?" என்று கேட்டார் உறவில் ஒரு பெரியவர்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் 40 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதலர் தினத்துக்கு வீட்டில் எல்லோருக்குமாகக் காலைப் பலகாரத்தை அழகாக அடுக்கி வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் செய்தவரும் மற்றவர்களோடு அதே நேரத்தில் உட்கார்ந்து, அதே சூட்டில் சாப்பிட வேண்டும். இது எனக்குப் போன வருஷம்தான் புரிந்தது. அதுவும் தப்புச் செய்த பிறகு.

நடந்ததைச் சொல்கிறேன்.

பாரீஸில் இருக்கும் என் தங்கை மகள் போன வருஷம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பெரிய மரப்பலகையில் ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட், இதய வடிவில் வெட்டிய ரொட்டி, சீஸ். "பெரியம்மா, இதுக்குப் பேரு பிரேக்ஃபாஸ்ட் போர்டு. இங்கே இப்போ எல்லாரும் செய்யறாங்க" என்று குரல் பதிவும் வந்தது. என் பேத்தி அதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நம்ம வீட்லயும்" என்றாள். வங்கியில் வேலை பார்க்கும் என் மருமகள் சரி என்று தலையாட்டினாள்.

போன வருஷம் பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடமும் உண்டு, வங்கியும் உண்டு. மருமகள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தாள். தோசையை வார்த்து, ஓரத்தை வெட்டி, இதய வடிவமாக ஒவ்வொன்றாக எடுத்தாள். தக்காளிச் சட்னி, தேங்காய்ச் சட்னி, மாதுளை முத்து எல்லாம் பலகையில் ஏறின. படம் எடுத்தோம். பிறகு மகன், பேத்தி, என் வீட்டுக்காரர், நான், நாலு பேரும் உட்கார்ந்தோம். தோசை சூடாக வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிஷத்தில் பலகை காலி.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். மருமகள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, வெட்டிப் போட்ட தோசை ஓரங்களைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறிப்போன ஓரங்கள். ஒரு கண் கடிகாரத்தில். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பகல் முழுவதும் அந்த ஓரங்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. காரணம், அங்கே நின்றது நான்தான். முப்பத்து நாலு வருஷம் அதே அடுப்படியில் அப்படித்தான் நின்றேன். விடியற்காலை எழுந்து, மாமியாருக்கு, வீட்டுக்காரருக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு என்று வார்த்துப் போட்டுவிட்டு, எனக்கு இரண்டு இட்லியை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அந்த இட்லியை இன்டர்வெல்லில்தான் திறப்பேன். என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். முதல் பீரியடில் டீச்சர் சிடுசிடுவென்று இருப்பார், மூன்றாவது பீரியடில் கதை சொல்வார். "டீச்சர் மூடு மாறிடுச்சுடா" என்று பின் பெஞ்சில் பேசிக்கொள்வீர்கள். அது மூடு இல்லை பிள்ளைகளே, பசி. முதல் பீரியடில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் என்னிடம் திட்டு வாங்கியவர்களிடம் இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் புதுச்சேரி மாநில அரசுப் பள்ளிகளில் காலையில் பால் கொடுக்க ஆரம்பித்தபோது வகுப்பு எப்படி மாறியது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25 அன்று நமக்குப் பக்கத்திலேயே, நாகை மாவட்டத்துத் திருக்குவளையில் வைத்து அதை மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிள்ளையின் காலைப் பசியை அரசாங்கமே யோசிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் சமைக்கிறவளின் காலைப் பசியை அவள் வீட்டில் இருப்பவர்கள்தானே யோசிக்க வேண்டும்?

போன வருஷம் நான் யோசிக்கவில்லை. மருமகளாக நின்று சாப்பிட்டவள், மாமியார் ஆனதும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் சுகமாக இருந்தது. அதுதான் உண்மை.

யோசித்துப் பார்த்தால் நம் ஊர்க் கதையே இதுதான். காரைக்கால்காரர்களுக்குப் புனிதவதியார் கதையைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் ஒருமுறை என்னோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவர் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்து அனுப்புகிறார். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். கறி இன்னும் ஆகவில்லை. சோற்றோடு ஒரு பழத்தை அவருக்குப் படைக்கிறார் அம்மையார். மதியம் கணவர் வந்து சாப்பிடும்போது இன்னொரு பழத்தை அவருக்கு வைக்கிறார். அது ருசியாக இருக்கிறது, மற்றதையும் கொண்டு வா என்கிறார் அவர். அம்மையார் உள்ளே போய் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதுவும் கணவர் இலைக்குத்தான் போகிறது.

ஆக மொத்தம் மூன்று பழம். அடியாருக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு. புனிதவதியாருக்கு?

சேக்கிழார் சொன்ன கதையில் குறை காண்பதற்காக இதைக் கேட்கவில்லை. பெரிய புராணம் பக்தியைச் சொல்ல வந்தது. அதை முழுமையாகச் சொல்கிறது. நான் கேட்பது நம்மை. வருஷா வருஷம் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா பார்க்கிறோம். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து பழங்களை வீச, கீழே கூட்டம் முட்டி மோதிப் பிடிக்கிறது. சின்ன வயசிலிருந்து நானும் பிடித்திருக்கிறேன். அறுபது வயசு தாண்டும்வரை இந்தக் கேள்வி எனக்கும் தோன்றியதில்லை. காரணம், பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று கேட்கும் பழக்கமே நம் வீடுகளில் இல்லை.

தமிழ்ப் பாடம் எடுத்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காதலுக்கும் சமையலுக்கும் முடிச்சுப் போட்டதில் நம் ஆட்கள்தான் முன்னோடி. குறுந்தொகையில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அப்படிச் செய்த புளிக்குழம்பைக் கணவன் ரசித்துச் சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெண்ணைப் பெற்றவளிடம் சொல்வதாகப் பாட்டு. எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. ஆனால் இப்போது படிக்கும்போது, அந்தப் பெண் அன்றைக்கு எப்போது சாப்பிட்டிருப்பாள் என்று மனசு கேட்கிறது. வயசாகிவிட்டது போலிருக்கிறது.

சரி, இந்த வருஷக் கதைக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்ததுமே பேத்தி ஆரம்பித்துவிட்டாள். "அப்பாயி, இந்த வருஷமும் போர்டு செய்யலாமா?" மருமகள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை, செய்யவும் தெம்பில்லை. "இந்தத் தடவை நான் சொல்றபடிதான். உங்க அம்மா அடுப்படிப் பக்கம் தனியா நிக்கக் கூடாது" என்றேன். நல்லவேளை, இந்த வருஷம் பிப்ரவரி 14 இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை.

முதலில் தோசையைத் தள்ளி வைத்தேன். தோசை மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தோசை, பூரி, வடை, ஆம்லெட் எல்லாம் ஒருவரை அடுப்பு முன்னால் நிறுத்தி வைக்கிற பலகாரங்கள். சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வரை வார்க்கிறவர் நின்றே ஆக வேண்டும். கடைசித் தோசை அவருக்கு. அதுவும் மாவு மிச்சமிருந்தால். ஆவியில் வேகிற பலகாரம் அப்படி இல்லை. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாம் மொத்தமாக வெந்து, மொத்தமாக இறங்கும். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காரலாம். இத்தனை வருஷம் சமைத்ததில் நான் கண்ட பெரிய உண்மை இதுதான்.

அடுத்தது வேலைப் பங்கீடு. வகுப்பில் டைம் டேபிள் போட்ட கை அல்லவா? வெள்ளிக்கிழமை இரவே சீட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். தேங்காய் துருவிப் பால் எடுப்பது வீட்டுக்காரர். இடியாப்பம் பிழிவது மகன். இட்லி ஊற்றுவது நான். கேசரி மருமகள், அவள் கேட்டு வாங்கிய வேலை அது ஒன்றுதான். பழம் நறுக்குவதும் அடுக்குவதும் பேத்தி.

செய்முறை கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக: இரண்டு டம்ளர் வறுத்த அரிசி மாவுக்கு ஏறக்குறைய இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீரில் ஒரு பீட்ரூட்டை அரைத்து வடிகட்டிய சாற்றைக் கலந்து, உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதிக்க வைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து பிழிய வேண்டும். வெந்ததும் நிறம் கொஞ்சம் வெளுக்கும். அதனால் மாவில் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும். குட்டி இட்லிக்கு நெய்யும் மிளகாய்ப் பொடியும். தக்காளிச் சட்னி ஒரு கிண்ணம். ஸ்ட்ராபெர்ரிக்கு நான் அலையவில்லை. உள்ளே சிவந்த கொய்யா, தர்பூசணி, பப்பாளி போதும். காப்பியை முன்பே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட வேண்டும். "ஒரு காப்பி" என்று யாராவது ஆரம்பித்தால் திரும்பவும் ஒரு பெண் எழுந்து போக வேண்டியிருக்கும்.

இதய வடிவத்துக்கு என்ன செய்வது என்று பேத்தி கவலைப்பட்டாள். அவளுடைய அச்சு உடைந்துவிட்டது. மார்க்கெட்டில் வாங்கி வந்த வெற்றிலைக் கவுளியைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதைப் பாரு." திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பாயி! ஹார்ட்டு!" என்று கத்தினாள். நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பூலம் மாற்றுகிற நம் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக இதய வடிவத்தைத்தான் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தாம்பாளத்தைச் சுற்றி வெற்றிலையைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு குட்டி இட்லி வைத்தோம். எல்லாச் செலவும் சேர்த்து 250 ரூபாயைத் தாண்டவில்லை.

இடியாப்பம் பிழிந்த மகனுக்கு நாலாவது தட்டிலேயே வியர்த்துவிட்டது. அச்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "அம்மா, இது இவ்ளோ கஷ்டமா?" என்றான். வாரத்தில் இரண்டு நாள் இடியாப்பம் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. மருமகள்தான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டேகால் மணிக்குத் தாம்பாளம் கூடத்துக்கு வந்தது. அடுப்பு அணைந்திருந்தது. ஐந்து பேரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். காலை வேளையில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. தீபாவளிக்குக்கூட யாராவது ஒருவர் பரிமாற நின்றிருப்போம்.

என் வீட்டுக்காரர் இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றினார். ஒரு வாய் சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இத்தனை வருஷமா நீ காலைல எப்போ சாப்பிட்டே?"

கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் தடவையாகக் கேட்கிறார். கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "இன்டர்வெல்ல" என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. ஒரு வெற்றிலையை இட்லியோடு எடுத்து என் தட்டில் வைத்தார். அவ்வளவுதான். "பாட்டிக்கு ப்ரொபோஸ் பண்றாரு தாத்தா" என்று பேத்தி கூச்சல் போட்டாள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். இது நம் பண்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. காதலர் தினம் வெளியிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. அவர்கள் கொண்டுவந்த ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்ட தாத்தாக்கள் உங்களுக்கும் இருந்தார்கள், எனக்கும் இருந்தார்கள். அதனால் யாருக்கும் குலம் கெட்டுப் போகவில்லை. நாம் நம்முடையது என்று நினைக்கிற மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவைதான். அதே சமயம், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருப்பீர்கள். பெரிய சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடுவார்கள். என் மாணவி ஒருத்தியின் கல்யாணத்தில் என்னையும் அப்படி உட்கார வைத்து, கறியை என் பக்கமே தள்ளித் தள்ளி வைத்தார்கள். பாரீஸ் போர்டுக்கு நான் முதலில் நினைத்துப் பார்த்தது அந்தச் சஹனைத்தான். சிவராத்திரி விரதமும் மறுநாள் ஒழுங்காக இருந்தேன். அதில் குறை வைக்கவில்லை.

பண்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை விட, அழகழகாகப் படம் போடுகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். என் மாணவிகள் பலர் இப்போது வேலைக்கும் போகிறீர்கள், வீட்டையும் பார்க்கிறீர்கள். பொங்கலுக்கு ஒரு கோலம், நவராத்திரிக்கு ஒரு கொலு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு தீம் என்று உங்கள் தலையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதோடு இந்தப் பலகையும் சேர்ந்து, நாலரை மணிக்கு எழுந்து நீங்கள் மட்டும் அடுக்கி, மற்றவர்கள் சாப்பிட்டு, படத்துக்கு இருநூறு லைக் வாங்குவதாக இருந்தால், தயவு செய்து வேண்டாம். டீச்சர் சொன்னார் என்று செய்துவிடாதீர்கள். அன்று நன்றாகத் தூங்குங்கள். கடையில் இட்லி வாங்கிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் காதலர் தினம்தான்.

என் மாணவர்களில் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலை சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது, உங்கள் வீட்டில் சமைத்தவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அம்மாவோ, மனைவியோ, அக்காவோ, வேலைக்கு வைத்திருக்கும் அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. "அப்புறம் சாப்பிடுவேன்" என்றுதான் பதில் வரும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நம்பாதீர்கள். ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவர் உட்காரும் வரை நீங்கள் அடுப்பு முன்னால் நில்லுங்கள். தோசை வட்டமாக வராது. பரவாயில்லை, மார்க் குறைக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் அடுத்த தாம்பாளம் ஆனி மாதம், மாங்கனித் திருவிழா அன்று என்று முடிவாகிவிட்டது. அமுது படையலை நினைத்துத் தயிர் சாதமும் மாம்பழமும். தயிர் சாதம் பிசைவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பழங்களை வாங்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கும் வருகிற விருந்தாளிக்கும் கணக்குப் போட்டுவிட்டு, கூட ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். அது யாருக்கு என்று பேத்தி கேட்டாள்.

"புனிதவதிக்கு" என்றேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்கால்